வசதியான வீட்டில் முதல் விருந்து: இருவரும் தயாராவது எப்படி?

ஒருவர் சென்னையின் பணக்காரப் பகுதியான போட் கிளப் ரோட்டில் வளர்ந்தவர். இன்னொருவர் வடசென்னை வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவர். ஒரே ஆபீஸில் வேலை, காதல். கேன்டீனிலும் பெசன்ட் நகர் பீச்சிலும் இந்த வித்தியாசம் கண்ணில் படவே இல்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, அம்மா பார்க்கணுங்கிறாங்க" என்ற பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

மேசை மரியாதை என்பது வெறும் பழக்கம், அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அந்த வீட்டில் வளர்ந்தவருடையது. அதனால் இந்தப் பதிவை இருவருமே படியுங்கள்.

படி 1: முதல் நாளே பேசிவிடுங்கள்

"சும்மா வா, எங்க வீட்ல எல்லாரும் ஃப்ரீ டைப்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது அன்பாகத் தெரியும். உள்ளே போய்த் திண்டாடுவது வந்தவர்தான். யார் யார் இருப்பார்கள், செருப்பை எங்கே விடுவது, சைவமா அசைவமா, கையால் சாப்பிடுவார்களா முள்கரண்டியா, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். வருபவரும் கூச்சப்படாமல் கேட்கலாம்: "உங்க அம்மாவை ஆன்ட்டின்னு கூப்பிடவா, அம்மான்னு கூப்பிடவா?"

படி 2: உடையும் கையில் கொண்டுபோவதும்

துவைத்து இஸ்திரி போட்ட உடை போதும். வெறுங்கையோடு போக வேண்டாம். பழம், மல்லிகைப்பூ, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, எதுவானாலும் நல்லதுதான். கடன் வாங்கிப் பெரிய பரிசு வாங்காதீர்கள். அடுத்த முறையும் அதே அளவுக்குச் செய்ய வேண்டியிருக்கும்.

சந்திப்பு கிளப்பில் என்றால் உடை விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கிளப்புகளில் காலர் இல்லாத டி-சர்ட்டுக்கும் செருப்புக்கும் அனுமதி கிடைக்காமல் போகலாம். பில் பெரும்பாலும் உறுப்பினர் கணக்கில்தான் போகும், விருந்தினர் பர்ஸை எடுக்கத் தேவையில்லை. அப்பா வேட்டியில் வருகிறார் என்றால் தாராளமாக வரட்டும். 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. இன்று வேட்டிக்குத் தடை போடும் கிளப்பின் உரிமத்தையே ரத்து செய்யலாம்.

படி 3: மேசையில்

துணி நாப்கினை விரித்து மடியில் போடுங்கள். முள்கரண்டி இடது கை, கத்தி வலது கை. தட்டின் இருபுறமும் வரிசையாகப் பல கரண்டிகள் இருந்தால் வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுங்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒன்றாக உள்நோக்கி வர வேண்டியதுதான். இடது பக்கம் இருக்கும் சின்ன ரொட்டித் தட்டு உங்களுடையது, வலது பக்கம் இருக்கும் தண்ணீர் கிளாஸும் உங்களுடையது. சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒட்டி இணையாக வையுங்கள், பரிமாறுபவர் தட்டை எடுத்துக்கொள்வார். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெதுவெதுப்பான கிண்ணம் வந்தால் அது விரல் நனைக்க, குடிக்க அல்ல.

ஏதாவது குழப்பம் வந்தால் வீட்டு அம்மா எடுக்கும் வரை ஒரு நொடி பொறுத்து, அவர் செய்வதைச் செய்யுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் "நான் கையாலயே சாப்பிடுறேன் ஆன்ட்டி" என்று சிரித்த முகமாகச் சொல்லலாம். இதில் அவமானமே கிடையாது. அப்போது அந்த வீட்டுப் பிள்ளை தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய துணை இல்லை.

பரிமாறும் அக்காவுக்கும் கார் ஓட்டும் அண்ணனுக்கும் அந்த வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இருக்கலாம். நீங்கள் அக்கா, அண்ணா என்றே கூப்பிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்த வீட்டுப் பழக்கத்துக்கு மாற வேண்டாம் என்பேன்.

படி 4: கேள்விகளுக்குப் பதில்

"அப்பா என்ன பண்றார்?" கட்டாயம் வரும். "மாநகர பஸ்ல கண்டக்டர், ஆன்ட்டி." அவ்வளவுதான். "சும்மா கண்டக்டர்தான்" என்று இழுக்கவும் வேண்டாம், "போக்குவரத்துத் துறையில" என்று பூசி மெழுகவும் வேண்டாம். "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேள்வி நீண்டால், கேட்பது பெரும்பாலும் சாதி. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய கடமை விருந்தாளிக்கு இல்லை. "அதெல்லாம் எதுக்கும்மா?" என்று தடுக்க வேண்டியது வீட்டுப் பிள்ளை. எதிர்ப்பு மிரட்டலாக மாறினால் எந்த மேசை மரியாதையும் உதவாது. சாதி, மதம் மாறி மணக்கும் ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. தயங்காமல் பாதுகாப்பு கேளுங்கள்.

படி 5: இனி வசதியானவரின் முறை

வியாசர்பாடிக்கும் போக வேண்டும், அதுவும் சீக்கிரமே. வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தால் அதை உங்களுக்குத்தான் போடுவார்கள். மறுத்துக்கொண்டே நிற்காமல் உட்காருங்கள். கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள், பையிலிருந்து பாட்டிலை எடுக்காதீர்கள். "வீடு குட்டியா க்யூட்டா இருக்கு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சாப்பாட்டைப் பாராட்டுங்கள், இன்னொரு கரண்டி கேளுங்கள். வாழை இலை போட்டால் நுனி உங்கள் இடது பக்கம் வரும். முடித்ததும் மேல் பாதியை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டுப் பழக்கம்.

வீட்டு விசேஷத்துக்குப் போனால் மொய் விஷயத்தில் மிகக் கவனம். ஆசையாகப் பத்தாயிரம் எழுதிவிடுவீர்கள். அது நோட்டில் ஏறும். உங்கள் வீட்டு விசேஷத்தில் அதற்கு மேல் ஒரு தொகை வைத்துத் திருப்பிச் செய்ய அந்த அம்மா இப்போதிருந்தே சீட்டுக் கட்ட ஆரம்பிப்பார். எவ்வளவு எழுதலாம் என்று முதல் நாளே உங்கள் இணையிடம் கேட்டு, அந்தத் தொகையை மட்டும் எழுதுங்கள்.