வாடைக்கு முன் ஒரு தடவை, மழை விட்டபின் ஒரு தடவை: கிற்றார் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்ப்பது எப்படி?

ஸ்பீக்கர் பெட்டி கரகரத்தால் "சத்தத்தைக் கூட்டி வைத்து வாசித்திருப்பாய்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மட்டக்களப்பில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் காற்றால் கெட்டவை. மழையோடு வாடைக் காற்று தொடங்கினால் பலகை ஈரம் குடித்து ஊதும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே பலகை காய்ந்து சுருங்கும். இப்படி ஊதிச் சுருங்கும் மரத்தில் ஸ்குரூ தளராமல் என்ன செய்யும்? அதனால் புரட்டாதியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

வாங்கும்போது

பழைய பெட்டி என்றால் பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பலகையின் வெட்டு விளிம்பில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட். 18 மில்லிமீற்றர் அளவில் தடிப்பு இருந்தால் நல்லது. சிராயும் தூளும் அமுக்கி ஒட்டியதுபோல் இருந்தால் சிப்போர்ட். அது ஒருமுறை தண்ணீர் குடித்தால் அடிப்பக்கம் புட்டுப்போல உதிரும், காய்ந்தாலும் ஸ்குரூ பிடிக்காது. ஈரத் தரையில் வைக்கும் ஆளுக்கு அது வேண்டாம்.

அப்புறம் மூலைகள். கைவிரல் கோத்ததுபோல் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருந்தால் பெட்டி பல காலம் நிற்கும். வெறும் ஆணி அடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மார்ஷல் பெட்டிகள் பேர்ச் மரப் பிளைவுட்டில் பெயரெடுத்தன. பழைய ஃபெண்டர் பெட்டிகள் பைன் மரம், தூக்க லேசு.

ஓடாவியிடம் செய்விப்பதும் நல்ல வழிதான். எங்கள் ஊர்ப் பறங்கியரிடம் தச்சுத் தொழிலும் வயலின், கிற்றாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை. ஆனால் அலுமாரி செய்து பழகியவருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலுமாரிக் கதவில் சின்ன நீக்கல் இருந்தால் யாருக்கும் கவலையில்லை. பின்பக்கம் மூடிய ஸ்பீக்கர் பெட்டியில் அந்த நீக்கல் விசிலடிக்கும்.

திறப்பதும் முறுக்குவதும்

கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பை நிறுத்தி, வயரைக் கழற்றி, பாயொன்றை விரித்துப் பெட்டியை முகம் குப்புற வையுங்கள். பின்பலகையைக் கழற்றியதும் உள் வயர்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். உள்ளே பல்லி முட்டை, கரப்பான் எச்சம் எல்லாம் இருக்கலாம். பிறஷால் தட்டினால் போதும்.

ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கத்தை இறுக்கினால் சட்டகம் கோணி, உள்ளே கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் உரசத் தொடங்கும். இன்னுமொன்று: ஸ்பீக்கரின் காந்தம் ஸ்குரூ ட்ரைவரைப் பிடித்து இழுக்கும். நான் ஒரு நல்ல 12 அங்குல ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பில் அப்படித்தான் ஓட்டை போட்டேன். மறு கையால் கூம்பை மறைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மின்சார ட்ரில் வேண்டவே வேண்டாம்.

ஸ்குரூ சும்மா சுற்றினால், மூங்கில் சீவலை மரப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் செருகி, ஒரு இரவு காயவிட்டு மறுபடி முறுக்குங்கள்.

ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா?

மூன்று விரலால் கூம்பைச் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். சரசரவென்று உரசினால் சுருள் பிசகிவிட்டது. உரசல் இல்லாவிட்டால், மின்தடையை ஓமில் அளக்கும் மல்டிமீற்றரை எடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் 6, 7 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம். 16 ஓம் என்றால் 12, 13. ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் எரிந்திருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஒன்றின் வயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

பிறகு 1.5 வோல்ட் பற்றரியின் நேர் முனையை ஸ்பீக்கரின் நேர் முனையிலும், எதிர் முனையை எதிர் முனையிலும் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு கூம்பும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போனால் அடித்தொனி காணாமல் போய்விடும்.

இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சமாந்தரமாக, நேரோடு நேரும் எதிரோடு எதிருமாக இணைத்தால் 4 ஓம், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் 16 ஓம். ஆம்பின் பின்பக்கம் எழுதியிருக்கும் எண்ணோடு இது பொருந்த வேண்டும். கண்ணாடி வால்வு உள்ள ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் போடாதீர்கள். கிற்றார் வயரை ஸ்பீக்கருக்குப் பாவிக்கவும் கூடாது. அது மெல்லியது, சூடாகும்.

வைக்கும் இடம்

கறையான் உள்ள ஊர். இரண்டு கல்லின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பொலித்தீன் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பழைய சாரம் போதும். உப்புக் காற்றில், வயரைச் செருகும் ஜக் பச்சை பிடிக்கும். கொன்டாக்ட் கிளீனர் தெளித்து, பிளக்கைப் பத்துத் தடவை செருகி எடுங்கள்.

எல்லாம் மூடியபின் கிற்றாரின் தடித்த ஈ (E) தந்தியில் தொடங்கி ஒவ்வொரு கட்டையாக மேலே வாசியுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் கிர்ர் என்றால், வேறொருவரைக் கொண்டு அதே சுரத்தை வாசிக்க வைத்து, பலகை, கைப்பிடி, பெயர்த்தகடு என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அதிர்ந்தது சுவர்க் கலண்டரின் தகரப்பட்டி.