கேம் திக்கினால் உடனே டிரைவரில் கை வைக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்றுவரை சீராக ஓடிய கேம் இன்று திக்கித் திணறினால், கிராபிக்ஸ் டிரைவரை (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுவதுதான் பலரும் எடுத்த எடுப்பில் செய்யும் காரியம். எதையும் அளந்து பார்க்காமல் கை வைப்பதே இருக்கும் தவறுகளில் பெரியது என்பேன். கேமின் ஒரே காட்சியை, ஒரே செட்டிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடிதான். சராசரி நன்றாகவே இருந்தாலும், இடையில் ஒரே ஒரு ஃபிரேம் 50 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு அது திக்கலாகத் தெரிந்துவிடும். ஃபிரேம் வரம்பு எதுவும் வைக்காத நிலையிலும் ஜிபியு (படத்தை வரையும் கிராபிக்ஸ் சிப்) 50, 60 சதவீத வேலையோடு நின்றுவிட்டால், பெரும்பாலும் பின்தங்குவது கணினியின் மையச் செயலியான சிபியுதான். டிரைவரை மாற்றி அங்கே பயன் காண்பது அரிது.

புதிய டிரைவரை நிறுவிய கையோடு கேமைத் திறந்து, முதல் பத்து நிமிடத்தை வைத்தே அந்த வெர்ஷன் மோசம் என்று முடிவுகட்டுவதும் தவறு. டிரைவர் மாறும்போது, முன்பு தொகுத்துச் சேமித்த ஷேடர்கள் (காட்சிகளை வரைய ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்கள்) பெரும்பாலும் செல்லாமல் போகின்றன. அவற்றை மீண்டும் தொகுக்க வேண்டியிருப்பதால், ஒரு வெடிப்போ பனிமூட்டமோ முதன்முறை திரையில் தோன்றும் கணத்தில் படம் உறைந்து நின்று, பிறகு நகர்கிறது. அதே இடத்தை இரண்டாம் முறை கடக்கும்போது உறையவில்லை என்றால், அந்தத் திக்கலுக்காக டிரைவரைத் தொட வேண்டியதில்லை.

நண்பர் ஒருவரின் கணினியில் இரண்டு முறை டிரைவரை மாற்றிப் பார்த்த பிறகுதான், மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருந்ததைக் கவனித்தோம். லேப்டாப்பிலும் இப்படித்தான்: தனி கார்டு சும்மா இருக்க, கேம் உள்ளமைந்த கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு வேகம் குறைந்தால் டிரைவருக்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள்.

இவை எதுவும் காரணமில்லை, பழைய வெர்ஷனில் அதே காட்சி சீராக ஓடியதற்கு அளவும் கையில் இருக்கிறது என்றால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலேயே முந்தைய டிரைவருக்குத் திரும்பிவிடலாம். டிரைவர்களைத் தானே தேடிப் புதுப்பிப்பதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களை நம்பாதீர்கள். கார்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளமே போதும். முழுமையாக நீக்கி நிறுவுவதானால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையேல் நீங்கள் நிறுவும் முன்பே விண்டோஸ் தன்னிடமுள்ள ஒரு டிரைவரை ஏற்றிவிடக்கூடும். நிறுவி முடித்ததும், கேமின் செட்டிங் எதையும் மாற்றாமல், முதலில் அளந்த அதே காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.