வான்கோழி வேட்டைக்கு முன் ஷாட்கன்னை (ஒரே சூட்டில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கியை) காகிதத்தில் சோதிப்பது எப்படி?

அமெரிக்காவில் உரிமம் எடுத்து, முதன்முறையாக வசந்தகால வான்கோழி வேட்டைக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருக்கும் தூரத்தை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள். ஒரே தோட்டா, ஒரே மாடல் துப்பாக்கி என்றாலும் குழலுக்குக் குழல் குண்டுகள் பரவும் விதம் மாறும். உங்கள் துப்பாக்கி என்ன செய்கிறது என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

வான்கோழிச் சேவலின் தலையையும் கழுத்தையும்தான் குறிவைக்கிறோம். மூளையும் கழுத்தெலும்பும் மிகச் சின்ன இலக்கு. உடம்பில் பட்டால் தடித்த இறகும் நெஞ்சுச் சதையும் குண்டுகளைத் தடுத்துவிடும். பறவை காயத்தோடு தப்பி, எங்கோ கிடந்து சாகும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சோதனை.

அந்தக் காலத்துக் கணக்கு

40 கெஜத்தில் ஒரு பெரிய காகிதத்தைச் சுட்டு, குண்டுகள் நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டத்தில் வட்டம் போடுவார்கள். தோட்டாவில் இருந்த குண்டுகளில் எத்தனை சதவீதம் வட்டத்துக்குள் விழுந்தது என்று பார்ப்பார்கள். குழல் முனையின் இறுக்கத்தைச் சோக் என்பார்கள். சுமார் 70 சதவீதம் என்றால் இறுக்கமான ஃபுல் சோக், 60 என்றால் மாடிஃபைட், 50 என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர். பறக்கும் வாத்துக்கு இது நல்ல அளவுகோல். அசையாமல் நிற்கும் வான்கோழித் தலைக்கு இது போதாது.

ஏன் என்று பாருங்கள். ஒன்றேகால் அவுன்ஸ் 6-ஆம் எண் ஈயக் குண்டு (எண் கூடினால் குண்டு சிறிது) என்றால் ஏறக்குறைய 280 குண்டுகள். 70 சதவீதம் என்றால் வட்டத்துக்குள் 196. அவை சமமாகப் பரவியிருந்தால், நடுவில் 10 அங்குல வட்டத்துக்குள் 22 தான் இருக்கும், ஏனென்றால் அந்த வட்டத்தின் பரப்பு பெரியதில் ஒன்பதில் ஒரு பங்கு. நடைமுறையில் நடுப்பகுதி இன்னும் அடர்த்தியாக இருக்கும்தான். ஆனால் எவ்வளவு அடர்த்தி என்பதைச் சதவீதம் சொல்லாது.

1960களில் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்த வாட், அதாவது தோட்டாவுக்குள் மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு, பரவலாக வந்தது. அதற்கு முன் மெல்லிய ஈயம் குழல் சுவரில் உரசி, தட்டையாகி, ஓரம் விலகி ஓடியது. அப்புறம் செம்பு பூசிய குண்டு, குண்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தூள், இன்னும் இறுக்கமான வான்கோழி சோக் எல்லாம் சேர்ந்தன. அளவுகோலும் 10 அங்குல வட்டத்துக்குச் சுருங்கியது. அதற்குள் 100 குண்டு விழ வேண்டும் என்பது இன்று பலரும் பின்பற்றும் வழக்கம்.

இப்போது நாம் செய்ய வேண்டியது

கண்ணாடி, காதுக் காப்பு, பின்னால் உறுதியான மண்மேடு. இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். 12 போர், 20 போர் எனக் குழல் அளவு வேறான தோட்டாக்களை ஒரே மேசையில் கலந்து வைக்காதீர்கள். ஈயத்தைவிடக் கடினமான டங்ஸ்டன் உலோகக் குண்டுத் தோட்டா என்றால், உங்கள் சோக் அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

முதலில் 20 கெஜத்தில், மலிவான லேசான தோட்டாவால், துப்பாக்கியை மேசைமேல் தாங்கலில் வைத்துச் சுடுங்கள். குண்டுகளின் மையம் குறிவைத்த இடத்தில் விழுகிறதா? இல்லை என்றால் குறிக்கருவியைத் திருத்துங்கள். குறிபார்க்க முனையில் வெறும் மணி மட்டுமே உள்ள குழல் என்றால், சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் குறிக்கருவி பொருத்துவது நல்ல செலவு. வேட்டைத் தோட்டாவுக்கு மாறும்போது மையம் நகரலாம், அதையும் சரிபாருங்கள்.

சரி, இப்போது 40 கெஜம். தூரத்தைக் கருவியால் அளந்துகொள்ளுங்கள். மூன்றடிக்கு மூன்றடி காகிதத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, வேட்டைத் தோட்டாவால் சுடுங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் புதுக் காகிதம். சுட்ட பிறகு, அடர்ந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். குறிவைத்த புள்ளியைச் சுற்றியும் இன்னொரு வட்டம் போட்டு எண்ணுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறை தோட்டாவில் இல்லை, குறியில் இருக்கிறது.

எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். தலை கழுத்துப் படம் ஒன்றை அட்டையில் வெட்டி வட்டத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். எங்கே வைத்தாலும் மூளையிலோ கழுத்தெலும்பிலோ சில குண்டுகளாவது படுகின்றனவா? வெற்றிடம் தெரிந்தால் 100 என்ற எண் உங்களைக் காப்பாற்றாது. ஒரு தோட்டாவுக்கு மூன்று சூடாவது வேண்டும். மூன்றில் மோசமானதை வைத்து முடிவு செய்வதே என் வழி, ஏனென்றால் காட்டில் எது வரும் என்று யாருக்கும் தெரியாது.

டங்ஸ்டன் சூப்பர் ஷாட் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 18 கிராம், ஈயத்துக்குச் சுமார் 11. அதனால் 9-ஆம் எண் சிறு குண்டே 5-ஆம் எண் ஈயத்தைப் போல ஊடுருவும். பதினாறில் பதின்மூன்று அவுன்ஸ், அதாவது 13/16 அவுன்ஸ் கொண்ட .410 என்ற சிறு குழல் தோட்டாவில் ஏறக்குறைய 290 குண்டுகள். ஒன்றேமுக்கால் அவுன்ஸ் 5-ஆம் எண் ஈயம் நிரப்பிய 12 போர் தோட்டாவிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இளையவர்களுக்கும் தோள்வலி உள்ளவர்களுக்கும் இது பெரிய வரம். ஆனால் 40 கெஜத்தில் 100 எளிதாக வந்துவிடுவதால், 60 கெஜம் வரை சுடலாம் என்ற ஆசையும் கூடவே வருகிறது. மரங்களுக்கு நடுவே கண்ணால் தூரம் கணிப்பதில் பிழை அதிகம். காகிதம் 50 தாங்கினாலும் எனக்கு 40 தான் எல்லை.

கிட்டத்திலும் சோதியுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இறுக்கமான சோக்கில் 10 கெஜத்தில் பரவல் ஒரு சாத்துக்குடி அளவுதான். மிக அருகே வந்த சேவலைத் தவறவிடுவது இதனால்தான். 10, 20, 30 கெஜக் காகிதங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தால் எங்கே கவனம் வேண்டும் என்று புரியும்.

கடைசியாக, தரையில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு சூடு சுடுங்கள், வேட்டையில் அப்படித்தான் சுடப்போகிறீர்கள். குண்டின் எண் அளவுக்கு உங்கள் மாநிலத்தில் கட்டுப்பாடு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டா, சோக், எல்லைத் தூரம் மூன்றையும் காகிதத்திலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். தோட்டாவையோ சோக்கையோ மாற்றினால் 20 கெஜத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.