காரணமும் விளைவும்: வாசிப்பில் இனங்காணக் கற்பிக்கும் முறை

பெங்களூரில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிப்பவர்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடுவதால், எது எதனால் நடந்தது என்பதைத் தவறவிடுகிறார்கள். ஆகவே புத்தகத்தைத் திறப்பதற்கு முன் வாய்மொழியாகத் தொடங்குங்கள். ‘மழை கொட்டியது, சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் நின்றுவிட்டன’ என்று சொல்லிவிட்டு, ‘ஏன் நின்றன?’ என்றும் ‘மழையால் என்ன ஆயிற்று?’ என்றும் கேளுங்கள்.

அடுத்தது வாசிப்பு. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்த செய்தியை வைத்துக் கரும்பலகையில் இப்படி எழுதலாம்: ‘ஏரியில் கழிவுநீர் கலந்தது. கழிவை நுண்ணுயிர்கள் சிதைத்தபோது நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் குறைந்தது. மீன்கள் இறந்தன. கரையெங்கும் துர்நாற்றம் வீசியது.’ இப்பத்தியில் ‘அதனால்’, ‘ஏனெனில்’ போன்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இணைப்புச் சொற்களுக்கு அடிக்கோடிடுவதை மட்டும் பழக்கினால், அவை இல்லாத பத்தியில் பிள்ளைகள் திணறிப்போவார்கள்.

மீன்கள் ஏன் இறந்தன என்று கேட்டால் ஒரு பிள்ளை கழிவுநீர் என்னும், இன்னொன்று ஆக்சிஜன் குறைந்தது என்னும். இரண்டும் சரியான விடைகளே. நான்கு நிகழ்ச்சிகளையும் அம்புக்குறிகளால் இணைக்கச் செய்தால், ஆக்சிஜன் குறைந்தது முந்தையதன் விளைவாகவும் அடுத்ததன் காரணமாகவும் இருப்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். இதற்கு ஒரு வகுப்பு முழுவதும் செலவானாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு, முன்பின் வரிசையைக் காரணத்திலிருந்து பிரிக்கப் பழக்க வேண்டும். ‘வழுக்கி விழுந்தாள்’, ‘சாப்பிட்டுப் பள்ளிக்குப் போனாள்’ ஆகிய இரண்டும் வினையெச்சத் தொடர்களே. ஆனால் முதலாவதில் மட்டுமே காரணம் இருக்கிறது. ‘முதல் செயல் நடக்காதிருந்தால் இரண்டாவது நடந்திருக்குமா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். வழுக்காமல் இருந்திருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள். சாப்பிடாமலும் பள்ளிக்குப் போயிருக்கலாம்.

இணைப்புச் சொற்களை இதற்குப் பின் அறிமுகப்படுத்துவதே நல்லது. ‘ஆக்சிஜன் குறைந்ததால் மீன்கள் இறந்தன’ என்பதில் காரணம் முன்னால் வருகிறது, ‘மீன்கள் இறந்தன, ஏனெனில் ஆக்சிஜன் குறைந்தது’ என்பதில் அது பின்னால் வருகிறது. முதலில் எழுதியிருப்பதே காரணம் என்று நினைக்கும் பிள்ளைகள் இவ்விடத்தில்தான் தடுமாறுவார்கள். எனவே ஏரிப் பத்தியில் அடுத்தடுத்து வரும் ஒவ்வோர் இணையையும் இவ்விரு விதமாகவும் எழுதச் செய்து, காரணத்தை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள்.