பூ கட்டுற விரலால் ஓர் ஈ: ட்ரவுட் மீனுக்கு சல்ஃபர் பூச்சி கட்டும் முறை

எங்கம்மா நிலக்கோட்டையில் பூ கட்டிக் கொடுத்தே எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுவேன். வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. இப்போது அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் பெல்ஃபாண்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அதே விரலால் இங்கே பூச்சி கட்டுகிறேன். ட்ரவுட் மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் முடியும் நூலும் சுற்றிச் செய்யும் பொய்ப் பூச்சி. இங்கே 'ஃப்ளை' என்பார்கள். நான் ஈ என்றே எழுதுகிறேன்.

சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. கண் மங்கி நூல் தெரியாமல் போனதும், தன் பெட்டியைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் போகும் ஆறு ஸ்பிரிங் கிரீக். சுண்ணாம்புப் பாறை ஊற்றுத் தண்ணீர், ஆகஸ்ட் வெயிலிலும் கால் விறைக்கும். பிரவுன் ட்ரவுட் அங்கே தானாகவே பெருகிக் கிடக்கிறது. ஆனால் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. முன்னொரு காலத்தில் கெபோன், மைரெக்ஸ் என்ற ரசாயனங்கள் ஆற்றில் கலந்ததால், 1980களின் தொடக்கத்திலிருந்தே பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று சட்டம். "விடுறதுக்குத்தான் ராத்திரி பூரா உக்காந்து கட்டுறியாம்மா?" என்று என் மாமியார் கேட்டார். இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தப் பூச்சியைக் கட்டப் போகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். ஆற்றில் இறங்கி, உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையாக ஊர்கிற குட்டிப் பூச்சியின் வாலை எண்ணுங்கள். மூன்று வால் என்றால் அநேகமாக மேஃப்ளை. தடித்த உடம்பும் இரண்டு வாலும் என்றால் பெரும்பாலும் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி உள்ளே படுத்திருந்தால் கேடிஸ். இங்கே மே நடுவில் தொடங்கி ஜூன் வரை பொழுது சாய்கிற நேரத்தில் சல்ஃபர் என்ற மேஃப்ளை கிளம்பும். வெளிர் மஞ்சள் உடம்பு, சாம்பல் இறக்கை. நம் ஆட்கள் பார்த்தால் ஈசல் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஈசல் கரையான் சாதி, மண்ணிலிருந்து வரும். இது தண்ணீருக்கடியில் ஏறக்குறைய ஒரு வருஷம் கிடந்து, மேலே வந்து, தோலை உரித்து, இறக்கையைப் பாய்மரம் போல நிமிர்த்திக்கொண்டு மிதந்தபடி காயும். அந்தச் சில நொடிதான் மீனுக்கு விருந்து. நாம் கட்டப்போவதும் அந்தக் கோலத்தைத்தான்.

முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். அசல் பூச்சியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஆறு காலும், ஒவ்வொரு காலுக்கும் முட்டியும், கறுப்பு மணியில் இரண்டு கண்ணும் வைத்து ஒரு ஈ கட்டினேன். கட்ட மூன்று மணி நேரம் ஆனது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "முழம் எவ்வளவுடி?" என்றார். ஆற்றில் ஒரு மீன்கூட அதைத் தொடவில்லை. தாத்தா சமையலறையிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து, என் ஈயை அதில் போட்டு, கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கீழேயிருந்து பார்" என்றார். கண் தெரியவில்லை, முட்டி தெரியவில்லை. ஒரு கறுத்த பொட்டலம் பாதி முங்கிக் கிடந்தது.

மீன் கீழேயிருந்துதான் பார்க்கிறது. வெளியுலகம் அதன் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளி தண்ணீரில் வளைவதால் வரும் கணக்கு அது: ஜன்னலின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப் போல ஏறக்குறைய 2.3 மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிற மீனுக்கு 70 சென்டிமீட்டர் சுமார். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி ஆற்றின் தரையையே திருப்பிக் காட்டும். மிதந்து வருகிற பூச்சி ஜன்னலுக்குள் நுழையும்முன், அதன் கால் அழுத்துகிற குழிகள் அந்தக் கண்ணாடியில் மினுங்கும். அப்புறம் ஜன்னல் ஓரத்தில் இறக்கை நுனி எட்டிப்பார்க்கும். உடம்பு கடைசியில்தான். அதனால் என் வரிசை இப்படி: முதலில் அளவு, அடுத்தது இறக்கையின் வடிவம், மூன்றாவது உடம்பு எவ்வளவு தாழ்ந்து மிதக்கிறது என்பது, அதற்கப்புறம் நிறம். கண்ணும் முட்டியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்ப்பதற்கு.

இந்த வேலைக்குப் பொருத்தமான வடிவம் காம்பராடன். ஆல் காச்சி, பாப் நஸ்டாசி என்ற இருவர் 1970களில் பரப்பியது. வழக்கமான மிதக்கும் ஈயில் இருப்பது போலக் கழுத்தைச் சுற்றிச் சேவல் இறகு கிடையாது. மான் முடியில் விசிறி மாதிரி ஓர் இறக்கை, மெலிந்த உடம்பு, பிரிந்த வால், அவ்வளவுதான்.

முள் 16ஆம் எண். எண் கூடக் கூட முள் சின்னதாகும். 16இன் தண்டு, அதாவது வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும் பகுதி, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியை முதலிலேயே குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவதும் சுலபம், உங்கள் விரலில் ஏறினால் எடுப்பதும் சுலபம். வளைவுப் பக்கத்தை வைஸில் (முள்ளைப் பிடித்துக்கொள்ளும் சின்ன இடுக்கி) இறுக்கி, 8/0 என்ற மெல்லிய வெளிர் மஞ்சள் நூலைக் காதுக்கு (முள்ளின் முன்முனையில் தூண்டில் நரம்பு கட்டும் வளையம்) பின்னாலிருந்து சுற்றி, தண்டில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்துங்கள். நூலைப் பாபினில் (நூல்கண்டு மாட்டும் பிடி) போட்டுத் தொங்கவிட்டால் அதன் எடையே நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இனி இறக்கை. மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். மான் முடிக்குள் காற்று அறைகள் உண்டு, அதனால்தான் மிதக்கிறது, நூலால் அழுத்தினால் விரிகிறது. வயிற்றுப் பக்கத்துத் தடித்த முடி தென்னை விளக்குமாறு மாதிரி சிலிர்த்துவிடும். வேண்டாம். நுனி குட்டையாகவும் மெல்லிசாகவும் இருக்கிற முடியாகத் தேடுங்கள். முகத்து முடி கிடைத்தால் நல்லது. (இங்கே மான் வேட்டைக்கு உரிமம் உண்டு, முடி கடையில் கிடைக்கும். ஊருக்குப் போகும்போது ஆசைப்பட்டுப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அங்கே புள்ளிமானும் கடமானும் வன உயிரினச் சட்டத்துக்குள் வருபவை, வனத்துறைக்கு விளக்கம் சொல்லி மாளாது.)

தீக்குச்சித் தடிமன் அளவுக்குத் தோலோடு ஒட்ட வெட்டுங்கள். நான் முதலில் பென்சில் கனத்துக்கு வெட்டுவேன். இன்றைக்கும் புதிதாகக் கற்பவர் எல்லாரும் அதையேதான் செய்கிறார்கள். அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் குட்டை முடியைச் சீவி எடுக்க வேண்டும். அதற்குப் பேன் சீப்பு போல வராது. பிறகு நுனிகளைச் சமப்படுத்த வேண்டும். அதற்கென்று ஸ்டாக்கர் விற்கிறார்கள். நான் காலியான லிப்ஸ்டிக் குழாயில் நுனி கீழே இருக்கும்படி முடியைப் போட்டு மேசையில் நாலு தட்டு தட்டுகிறேன்.

சமமான கற்றையைத் தண்டின் மேலே வைத்து, நுனி காதைத் தாண்டி முன்னால் நீளும்படி பிடியுங்கள். கட்டும் இடத்திலிருந்து நுனி வரை இறக்கையின் நீளம் தண்டின் நீளம் அளவே. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கற்றையையும் தண்டையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டிருக்கட்டும். முதல் இரண்டு சுற்று தளர்வாக. மூன்றாவது சுற்றில் நூலை மெதுவாக இழுங்கள், ஆனால் விரலை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் கற்றை முழுக்கத் தண்டைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போய்விடும். என் முதல் பத்து ஈயும் இங்கேதான் செத்தது. மல்லிகையிலும் இதே கதைதான். தளர்த்தினால் மொட்டு உதிரும், இறுக்கினால் காம்பு அறுந்துபோகும். நடுவில் ஓர் இடத்தில் நார் 'கிறுக்'கென்று பிடிப்பது விரலுக்குத் தெரியும். மான் முடியும் அப்படி ஒரு நொடியில் பிடிக்கும். அதற்கப்புறம் ஏழெட்டு சுற்று தைரியமாக இறுக்கலாம்.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அடிமுடியைச் சாய்வாக வெட்டி நூலால் மூடுங்கள். செங்குத்தாக வெட்டினால் உடம்பில் ஒரு படிக்கட்டு தெரியும். இப்போது இறக்கையைக் கட்டைவிரல் நகத்தால் நிமிர்த்தி, அதன் முன்னால் தண்டோடு ஒட்ட நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு சின்னத் திண்ணை எழுப்புங்கள். முடி அதன்மேல் சாய்ந்து நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் மயில் தோகை விரித்த மாதிரி அரை வட்டம் தெரிய வேண்டும், தண்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை. அடிப்பக்கம் தொங்கும் முடி இருந்தால் தயங்காமல் வெட்டுங்கள்.

வால் சுலபம். நூலை வளைவு வரை கொண்டுபோய், அங்கே கடுகில் பாதி அளவுக்குப் பஞ்சு உருண்டை ஒன்று வையுங்கள். மைக்ரோஃபிபெட் என்று விற்கும் நைலான் இழையில் பக்கத்துக்கு இரண்டாக வைத்துக் கட்டினால் உருண்டை இரண்டையும் பிரித்து நிறுத்தும். அசல் பூச்சிக்கு வால் மூன்றுதான். ஆனாலும் இரண்டு பக்கமும் விரிந்த வால் படகின் துடுப்பு மாதிரி ஈயைக் கவிழாமல் மிதக்க வைக்கும். பெயின்ட் பிரஷ் இழை இருந்தாலும் போதும். வால் நீளமும் தண்டு நீளமே.

உடம்புக்கு டப்பிங். சினிமா டப்பிங் இல்லை, நூலில் முறுக்கிச் சுற்றுகிற மெல்லிய பஞ்சு. வெளிர் மஞ்சளில் ஒரு சிட்டிகை ஆரஞ்சு கலந்துகொள்ளுங்கள். ஒருமுறை வெள்ளை முயல் முடியை மஞ்சள்தூளில் காய்ச்சிச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். சட்டி போனது, விரலும் போனது. முயல் முடி தண்ணீர் குடித்து ஈயை முக்கியது, மிச்சமிருந்த நிறம் வெயிலில் வெளுத்தது. மிதக்கிற ஈக்கு மெல்லிசான செயற்கைப் பஞ்சே மேல். நிறத்தைக் காய்ந்தபடி பார்த்து முடிவு செய்யாதீர்கள். எச்சில் தொட்டு நனைத்துப் பாருங்கள், ஒரு பங்கு கறுக்கும். பஞ்சை எடுக்கும் அளவு? இதுகூடப் போதாதே என்று தோன்றுகிற அளவு எடுங்கள், அதில் பாதியைத் திருப்பி வையுங்கள். மீதியை நூலில் ஒரே திசையில் முறுக்குங்கள், முன்னும் பின்னும் உருட்டினால் பிரிந்துவிடும். வாலிலிருந்து முன்னால் சுற்றி வாருங்கள். வால் பக்கம் ஊசி மாதிரி, இறக்கை பக்கம் கொஞ்சம் பருத்து. இறக்கைக்குப் பின்னால் ஒட்ட ஒரு சுற்று, முன்னால் இரண்டு சுற்று. காதை மூடிவிடாமல் முடிச்சு. விப் ஃபினிஷ் என்ற வழக்கமான முடிவு முடிச்சைப் பழகாதவர்கள் பூவுக்குப் போடும் சுருக்கையே நாலு முறை அடுத்தடுத்து மாட்டி இறுக்கலாம். மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு.

அப்புறம் கண்ணாடிக் கிண்ணம். உடம்பு நீர்ப்பரப்பில் படிந்து, இறக்கை நிமிர்ந்து நின்றால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கை இரு பக்கமும் சமமாக இல்லை. மூக்கு முங்கினால் முடி போதவில்லை, அல்லது தலையில் பஞ்சு அதிகம்.

இருட்டும் நேரத்துக்கு இன்னொரு ஈயும் வேண்டும். இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோல் உரிக்கிற பூச்சி மேஃப்ளை மட்டும்தான். அப்படி உரித்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, இறக்கையை இரு பக்கமும் விரித்தபடி ஆற்றில் விழுந்து கிடக்கும். அதற்கு அதே வால், துருநிறத்தில் நூல் மாதிரி மெலிந்த உடம்பு, இறக்கைக்கு பாலி என்ற வெள்ளைச் செயற்கை நூலைக் குறுக்கே வைத்து எட்டுப் போட்டுக் கட்டினால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை. இருட்டில் நம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் தொல்லை. மீன் வாய் வைக்கும் 'ப்ளக்' சத்தத்தை வைத்துத்தான் கோலைத் தூக்க வேண்டும்.

ஒரு மீன் கடித்து விட்டதும் ஈ வழவழப்பாகி முங்கத் தொடங்கும். ஆற்றிலேயே அலசி, முந்தானையில் ஒற்றி (எனக்கு டி-ஷர்ட் ஓரம்), உலர்த்தும் பொடியில் குலுக்கினால் மறுபடி மிதக்கும். ஏழெட்டு மீனுக்கு அப்புறம் பல் பட்டு முடி உடைந்து, தோகை வழுக்கையாகிவிடும். அதைத் தூக்கி எறிய வேண்டாம். பிளேடால் நீளவாக்கில் கீறி எல்லாவற்றையும் உருவிவிட்டால் முள் மட்டும் மிஞ்சும், நுனி மழுங்கியிருந்தால் அரத்தில் இரண்டு தேய்ப்பு. என் மேசையில் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் அப்படி உருவிய முட்கள் கிடக்கின்றன. தாத்தா கட்டிய ஈக்கள் இருந்த முட்களும் அதில் சில உண்டு.