பெனால்டி வந்ததும் கொதிப்பதற்கு முன்

ஃபார்முலா 1 பார்ப்பவர்களில் பலர் செய்யும் தவறு, மோதலின் விளைவை வைத்துத் தண்டனையை எடைபோடுவது. 2021-ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே ஹாமில்டனின் கார் உரசியதில் வெர்ஸ்டாப்பன் தடுப்பில் போய் மோதினார். அதிர்வு 51 ஜி, அதாவது புவியீர்ப்பு விசையைப் போல 51 மடங்கு. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஹாமில்டனுக்குக் கிடைத்தது 10 விநாடி தண்டனை. டயர் மாற்ற நிற்கும் பிட்டில் அத்தனை நேரம் சும்மா நின்று அதைக் கழித்துவிட்டு, கடைசியில் அவரே ஜெயித்தார். ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவருக்குக் கோப்பையா என்று கொதித்தவர்கள் ஏராளம். கோபம் நியாயம்தான். ஆனால் தண்டனையை முடிவு செய்யும் நடுவர்களான ஸ்டூவர்டுகள் பார்ப்பது, அந்த வளைவில் யார் எங்கே இருந்தார், தவறு யாருடையது என்பதை. அடிபட்டவர் எவ்வளவு இழந்தார், இடித்தவர் எத்தனையாவதாக வந்தார் என்பது பொதுவாகக் கணக்கில் வராது.

அப்புறம், எல்லாவற்றுக்கும் பந்தயத்தை நடத்தும் அதிகாரியான ரேஸ் டைரக்டரைத் திட்டுவது. சம்பவத்தை ஸ்டூவர்டுகளின் பார்வைக்கு அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. தண்டனை எழுதுவது அவர்கள். அந்தக் குழு பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், அதில் முன்னாள் ஓட்டுநர் ஒருவரும் இருப்பார். 'போன முறை விட்டார்கள், இந்த முறை பிடித்துவிட்டார்கள்' என்ற புலம்பலில் பாதியாவது உண்மை இருக்கிறதென்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டும்போது நடக்கும் தவறையும் காரின் அளவில் வரும் குறையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 2024 பெல்ஜியத்தில் ரஸல் ஒரே ஒரு பிட் ஸ்டாப்போடு ஓட்டி, பின்னால் நெருக்கிய ஹாமில்டனை விடாமல் சமாளித்து முதலில் வந்தார். எரிபொருளை வடித்துவிட்டு நிறுத்துப் பார்த்தால் கார் 796.5 கிலோ. அந்த ஆண்டு விதிப்படி குறைந்தது 798 இருந்திருக்க வேண்டும். வெற்றி ஹாமில்டனுக்குப் போய்விட்டது. 'ஒன்றரைக் கிலோவில் என்ன லாபம் கிடைத்திருக்கும்?' என்பது இங்கே செல்லாத கேள்வி. வேண்டுமென்றே செய்தார்களா என்பதும் அப்படித்தான். வளைவில் இடித்தால் 5 விநாடியா 10 விநாடியா என்று யோசிக்க இடமுண்டு. எடை குறைந்தால் நீக்கம்தான்.

கொடி அசைந்ததும் முடிவு உறுதி என்று நம்புவதும் வேண்டாம். 2019 கனடாவில் முதலில் கோட்டைத் தாண்டியது வெட்டல், ஜெயித்தது வெட்டலுக்குக் கிடைத்த 5 விநாடி தண்டனையால் முன்னுக்கு வந்த ஹாமில்டன். அதைவிட விசித்திரம் 2023-ல் சவூதியின் ஜெட்டா பந்தயம். புறப்படும் இடத்தில் தனக்கான கட்டத்தை விட்டுக் காரைத் தள்ளி நிறுத்தியதற்காக அலோன்சோவுக்கு 5 விநாடி. அதைக் கழிக்கும் நேரத்தில் காரில் யாரும் வேலை செய்யக் கூடாது. காரைத் தூக்கும் பின்பக்க ஜாக்கி அதைத் தொட்டுவிட்டது. மூன்றாமிடக் கோப்பையை வாங்கிய பிறகு இன்னும் 10 விநாடி சேர்த்து நான்காவதாக்கினார்கள். சரி என்று அணி விடவில்லை. இதேபோல் ஜாக்கி தொட்டும் தண்டனை தராத பழைய சம்பவங்களைக் காட்டி மறுபரிசீலனை கேட்டது. நான்காம் இடம் என்ற செய்தியோடு தூங்கப் போனவர்கள் எழுந்து பார்த்தபோது, அவர் மறுபடி மூன்றாவது.