பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் இறக்குறீங்களா? இந்த வரிசையில போங்க

வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போன்ல ஆப் போடுற கோப்பு) இன்ஸ்டால் பண்ணவே பண்ணாதீங்க. தறிக்காரங்க குரூப்ல வந்தாலும், மாமா நம்பர்ல இருந்தே வந்தாலும் சரிங்க, அவர் போனே வேற ஆள் கையில இருக்கலாம். கல்யாணப் பத்திரிகை, ஆர்டிஓ சலான், பிஎம் கிசான் தவணைன்னு பேரு மட்டும் மாறும். பத்திரிகை படமாவோ பிடிஎஃப்பாவோ வரும். கோப்புப் பேரு ஏபிகேன்னு முடிஞ்சா அது பத்திரிகை இல்லைங்க, ஆப்.

எங்கிருந்து இறக்கலாம்? என்னோட முதல் தேர்வு எஃப்-டிராய்டுங்கிற ஆப் கடை. அதுல இருக்கறது மூலநிரல் (ஆப்பை எழுதின கோடு) எல்லாரும் பாக்கற மாதிரி திறந்திருக்கிற ஆப்கள். அங்க இல்லாததுக்கு ஏபிகேமிரர் தளம். "மோட்" ஆப், அதாவது வேற ஆள் பிரிச்சு மாத்தின ஆப், எதுவும் வேண்டாம். மாத்தினவர் தன்னோட டிஜிட்டல் கையொப்பத்தைத்தான் (ஆப் யாரோடதுன்னு காட்டுற முத்திரை) போட்டிருப்பார், உள்ளே என்ன சேர்த்தார்னு நமக்குத் தெரியாது.

இறக்கினதும் வைரஸ்டோட்டல்ங்கிற வைரஸ் சோதனைத் தளத்துல ஏத்திப் பாருங்க, 650 எம்பி வரைக்கும் எடுத்துக்கும். புதுசா செஞ்ச கோப்புன்னா அதுலயும் தப்பிச்சுடலாம்.

ஆண்ட்ராய்டு 8-ல இருந்து வெளி ஆப் போடுற அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. குரோமுக்கு மட்டும் கொடுங்க, வேலை முடிஞ்சதும் அணைச்சுடுங்க.

நிறையப் பேர் தடுமாறுறது அப்டேட்லதான். "ஆப் நாட் இன்ஸ்டால்டு"ன்னு வரும். உடனே பழசை அழிச்சுட்டுப் புதுசைப் போடுவாங்க. பொறுங்க! ரெண்டுக்கும் கையொப்பம் ஒத்துப்போகலைன்னாலும் இப்படித்தான் தடுக்கும். பிளே ஸ்டோர்ல எடுத்ததுக்கு மேல எஃப்-டிராய்டு பதிப்பைப் போட்டாலும் இது வரலாம், அதுல ஆபத்து இல்லை. முதல்ல எங்க எடுத்தீங்களோ அங்கயே அப்டேட் எடுங்க. அதே இடத்துல எடுத்தும் இப்படி வந்தா அந்தக் கோப்பைத் தொடாதீங்க. பழசை அழிச்சா அதுல இருக்கிற தரவும் போயிடும்.

அடுத்தது அனுமதி. ஈரோட்டு மஞ்சள் விலை காட்டுற ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதுக்குங்க? ஓடிபி படிக்கத்தான். ஆக்சஸிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுற வசதி) கேட்டா இன்னும் மோசம், திரையைப் படிக்கும், நமக்குப் பதிலா அதுவே பட்டனை அழுத்தும். ஆண்ட்ராய்டு 13-ல இருந்து வெளி ஆப்புக்கு அதைத் தடுத்து வச்சிருக்காங்க. "மூணு புள்ளியைத் தொட்டுத் திறந்து விடுங்க"ன்னு அந்த ஆப்பே வழி சொன்னா, அப்பவே அழிச்சுடுங்க.

பிறகு சேர்த்தது: அழிக்கவே முடியலைன்னா செட்டிங்ஸ்ல டிவைஸ் அட்மின் பட்டியலை (போனைக் கட்டுப்படுத்த அனுமதி வாங்கின ஆப்கள்) தேடி, அந்த ஆப்பை அணைச்சுட்டு அழிங்க. அப்பவும் போகலைன்னா சேஃப் மோட்ல (நாம போட்ட ஆப்கள் ஓடாத நிலை) போய் முயற்சி பண்ணுங்க. பணம் போயிருந்தா முதல்ல சிம், வைஃபை ரெண்டையும் துண்டிச்சுட்டு, வேற போன்ல இருந்து பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் கூப்பிடுங்க. போனைச் சுத்தம் பண்றது அதுக்கப்புறம்.